கிளித் தீனி

போன வருஷம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, ஃப்ரிட்ஜில் தயிர் தேடும்போது கையில் தட்டுப்பட்ட ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தாள். முகர்ந்தாள். நாலைந்தை வாயில் போட்டு மென்றாள்.

"ஏட்டி, இது நம்ம சூரியகாந்தில்லா? கிளி திங்கதப் போயி காசு குடுத்தா வாங்கி வச்சிருக்க?"

அம்மா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். சுந்தரபாண்டியபுரம், சுரண்டை என்று அந்த வட்டாரமே ஆடி, ஆவணியில் மஞ்சளாக நிற்கும். இப்போதெல்லாம் கேரளத்திலிருந்து வேன் பிடித்து வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காலையில் வந்தால் படம் நன்றாக வரும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சூரியகாந்தி சூரியனைச் சுற்றும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது மொட்டாக இருக்கும் வரைக்கும்தான். மலர்ந்து முற்றிய பூ கிழக்கே பார்த்தபடி அப்படியே நின்றுவிடும்.

நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் புஞ்சைக்கு வந்த விருந்தாளி பச்சைக்கிளி மட்டும்தான். பூ முற்றித் தலை கவிழ ஆரம்பித்ததும் வந்துவிடும். காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். பூவின் விளிம்பில் தலைகீழாகத் தொத்திக்கொண்டு ஒரு விதையை அலகால் உருவும். அதைத் திருப்பித் திருப்பி ஓட்டை உரித்துக் கீழே போட்டுவிட்டுப் பருப்பைத் தின்னும். பிறகுதான் அடுத்த விதை. சனி, ஞாயிறு என்றால் எனக்கும் அக்காவுக்கும் தகரம் தட்டுகிற வேலை. அப்பா பழைய கேசட் டேப்பை உருவிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டுவார். காற்றில் அது 'ஊம்' என்று இரையும், வெயிலில் மினுங்கும். இரண்டு நாள் கிளிகள் பயப்படும். மூன்றாம் நாள் அந்தக் குச்சியின் மேலேயே வந்து உட்காரும்.

தகரம் தட்டிக் கை வலித்தால் நாங்களும் ஒரு பூவை மடியில் போட்டுக்கொண்டு விதையைப் பல்லால் கடித்து உரித்துப் பார்ப்போம். பத்து விதை உரித்தால் ஒரு வாய்க்குக் காணாது. எண்ணெய்க்கென்று விதைக்கும் ரகம் அது. சின்னது, கறுப்பு, உள்ளே பருப்பை விட்டுப் பிரியாத மெல்லிய ஓடு. கொறிப்பதற்கென்று வேறு ரகம் உண்டு. பெரிய விதை, மேலே வெள்ளைக் கோடு, எண்ணெய் கொஞ்சம் குறைவு, ஓடும் லேசாகக் கழன்று வரும். எங்கள் வீட்டில் விளைந்தது மொத்தமும் மூட்டையாகக் கமிஷன் கடைக்குப் போனது. ஒரு பிடியை வறுத்துத் தின்னலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடலையை வறுக்கத் தெரிந்த, எள்ளை உருண்டை பிடிக்கத் தெரிந்த அம்மாவுக்கே தோன்றவில்லை.

ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. சூரியகாந்தியின் பூர்வீகம் வட அமெரிக்கா. அங்கிருந்த பழங்குடி மக்கள் விதையை இடித்து மாவாக்கித் தின்றார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது அது அழகுக்கு வளர்க்கும் செடி. அதை எண்ணெய் வித்தாக மாற்றியது ரஷ்யா. நோன்பு நாளில் வெண்ணெய், பன்றிக்கொழுப்பு எல்லாம் கூடாது என்ற சட்டம் உள்ள திருச்சபை அவர்களுடையது. சூரியகாந்தி எண்ணெய்க்குத் தடை இல்லை. 1829-இல் அலெக்சேயெவ்கா என்ற ஊரில் தனீல் பொகரேவ் என்ற குடியானவர் மரச்செக்குப் போலக் கையால் இயக்கும் ஒன்றில் அதை ஆட்டி எண்ணெய் எடுத்தார். அப்புறம் சோவியத் காலத்தில் கிராஸ்னதார் நகரத்தில் வி. எஸ். புஸ்தவோய்த் என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் உட்கார்ந்து, விதையின் எண்ணெய் அளவைப் பாதிக்குப் பாதி என்ற நிலைக்கு ஏற்றினார். 1969-இல் இந்தியாவுக்கு வந்தவை அந்த சோவியத் விதைகள்தான். ஆக, நம்மிடம் இது வந்து சேர்ந்ததே செக்குக்கும் மில்லுக்கும் போகிற சரக்காக. கூடவே தின்னும் பழக்கம் வரவில்லை. ரஷ்யர்கள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து 'செமிச்கி' என்று பொட்டலம் பொட்டலமாகக் கொறித்துத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். துருக்கியிலும் அதே கதை. நமக்கு அது கேனில் வரும் எண்ணெய் மட்டும்.

சரி, நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்ல வேண்டும். நாற்பது தாண்டியதும் ஆபீஸில் எல்லோரோடும் சேர்ந்து ஒரு முழு உடல் பரிசோதனை. ரத்த அழுத்தம் 138-க்கு 88. கெட்ட கொழுப்பும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மாத்திரை இப்போது வேண்டாம், உப்பைக் குறை, நட, மூன்று மாதம் கழித்து வா என்றார் டாக்டர். பக்கத்து சீட்டுத் தோழி விஷயத்தைக் கேட்டதும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பூசணி விதை, ஆளி விதை, சூரியகாந்தி எல்லாம் கலந்தது. "சூப்பர் ஃபுட்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனால் சாம்பல் நிறத்தில் கண்ணீர்த்துளி மாதிரி இருந்த அந்தப் பருப்பைப் பல்லில் கடித்தபோது, தகரம் தட்டிய நாளின் ருசி அப்படியே வந்தது. மறுநாளே சூரியகாந்திப் பருப்பு மட்டும் கால் கிலோ வாங்கினேன்.

வாங்கியதும் கணக்குப் போடும் புத்தி வந்துவிட்டது. அடுக்களைத் தராசில் என் ஒரு கைப்பிடியை வைத்தேன்: 30 கிராம். அதில் சுமார் 175 கலோரி, 6 கிராம் புரதம், 15 கிராம் கொழுப்பு, இரண்டரை கிராம் நார்ச்சத்து. இதெல்லாம் நிலக்கடலையும் கொடுக்கும். புரதத்தில் கடலை ஒரு படி மேலே. சூரியகாந்தி தனியாக நிற்பது வைட்டமின் ஈ-யில். 100 கிராமில் 35 மில்லிகிராம். பாதாமில் 25 சொச்சம், கடலையில் 8. ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. என் ஒரு பிடியிலேயே 10 வந்துவிடுகிறது. பாதாமின் விலையில் பாதிகூட இல்லாத சரக்கு, பாதாமை முந்துகிறது. குழந்தைக்குப் பாதாம் ஊறவைத்துக் கொடுக்க முடியவில்லையே என்று மாதக் கடைசியில் மனம் சங்கடப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வைட்டமின் ஈ என்ன செய்கிறது? நம் செல்களின் மேல்சுவர் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறது. செடி இதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. விதைக்குள் பாதிக்குப் பாதி எண்ணெய். அதுவும் சீக்கிரம் காறிப்போகிற ஜாதி எண்ணெய். மழை வந்து முளைக்கும் வரை அது கெடாமல் இருக்கக் காவலுக்கு ஆள் வேண்டுமே. அந்தக் காவல்காரனைத்தான் நாம் தின்கிறோம். 1922-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் எலிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சத்து இல்லாத தீனி தின்ற பெண் எலிகளுக்குக் கரு தங்கவில்லை. அதனால்தான் 'டோக்கோஃபெரால்' என்று பெயர். பிள்ளைப்பேற்றைத் தாங்குவது என்று கிரேக்கத்தில் பொருள்.

அப்படியானால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அந்தப் பச்சை நிறக் குமிழ் மாத்திரையையே போட்டுக்கொள்ளலாமே என்று நானும் நினைத்ததுண்டு. கல்லூரி நாளில் அதை உடைத்து முகத்தில் தடவாத பெண் யார்? ஆனால் வாயில் போட்டுக்கொள்வது வேறு சமாச்சாரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001-இல் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு பெரிய பரிசோதனை தொடங்கினார்கள், செலக்ட் என்று பெயர். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தால் புராஸ்டேட் புற்றுநோய் குறையுமா என்பது கேள்வி. பலன் இல்லை என்று 2008-இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். 2011-இல் திரும்பக் கணக்குப் பார்த்தால், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. ஒரு பிடி விதையில் இருப்பது அந்த மாத்திரையில் ஒரு சின்னப் பங்குதான். விதையில் நார், புரதம், தாது எல்லாம் சேர்ந்து வருகிறது, தின்னவும் நேரம் பிடிக்கிறது. மாத்திரை ஒரே விழுங்கு. டாக்டர் எழுதித் தராத வைட்டமின் ஈ மாத்திரையை அன்றிலிருந்து நான் தொடுவதில்லை.

என் கவலை ரத்த அழுத்தம் அல்லவா? அதற்கு வருகிறேன். ஒரு பிடிப் பருப்பில் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது. என் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 320 வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு. தீட்டிய வெள்ளை அரிசியே கதி என்று இருக்கும் நமக்கு இது பெரிய விஷயம். தவிட்டோடு போவதில் முக்கியமானது மெக்னீசியம். அது ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்த உதவும். ஆனால் இதை வைத்து 'ரத்த அழுத்தத்தை விரட்டும் விதை' என்று தலைப்புப் போடுகிறவர்களை நம்பாதீர்கள். மெக்னீசியத்தை மாத்திரையாகவே தினம் 300, 400 மில்லிகிராம் கொடுத்துச் செய்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது மேல் அளவு சராசரியாக 2 புள்ளிதான் இறங்கியிருந்தது. என் 138 இதனால் 136 ஆகலாம், அவ்வளவுதான். ஊறுகாயை நிறுத்தி உப்பைக் குறைத்தால் இதைவிடக் கூடுதலாகக் குறையலாம்.

கெட்ட கொழுப்பு விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம். பருப்பில் உள்ள எண்ணெயில் பெரும்பகுதி லினோலெயிக், ஓலெயிக் என்ற இரண்டு நிறைவுறாக் கொழுப்புகள். நெய், வெண்ணெய், வனஸ்பதி, பேக்கரிப் பலகாரம் இவற்றில் வரும் கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த மாதிரிக் கொழுப்பை வைத்தால் கெட்ட கொழுப்பு இறங்கும். இது பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்த சங்கதி. போதாததற்கு விதையில் தாவர ஸ்டீரால் என்ற பொருளும் நிறைய உண்டு. பார்க்கக் கொலஸ்ட்ரால் மாதிரியே இருந்து, குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதை உள்ளே விடாமல் தடுக்கும். 'அந்த இடத்தில்' என்று சொன்னேனே, அதைக் கவனிக்க வேண்டும். சாயங்கால பஜ்ஜியும் தின்று, மேலே ஒரு பிடி விதையும் தின்றால் உடம்பில் கூடுவது 175 கலோரி.

இதைப் புத்தியோடு எழுதுகிறேனே தவிர, முதல் மாதம் நான் செய்த காரியம் வேறு. கால் கிலோ தீர்ந்ததும் கடையில் வறுத்து உப்புப் போட்ட பாக்கெட் ஒன்று கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொறிக்கத் தோதாக இருந்தது. 150 கிராம் பாக்கெட் இரண்டு சாயங்காலத்தில் காலி. அது ஏறக்குறைய 875 கலோரி, இரண்டு வேளைச் சாப்பாடு. பின்னால் பொடி எழுத்தில் பார்த்தால் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டிய சோடியம். ஒரு நாளைக்கு மொத்தமே 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று வாங்கிய சாமானில் உப்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து மெஷினில் ஏறினால் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. டாக்டரிடம் விதைக் கதையைச் சொன்னதும் அவர் சிரிக்கவே இல்லை. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் கிளியை நினைத்தேன். அது தின்னும் விதைக்கு ஓடு இருக்கிறது. ஒவ்வொன்றாக உருவி, உரித்து, துப்பித் தின்ன வேண்டும். ரஷ்யக்காரருக்கும் துருக்கிக்காரருக்கும் அப்படியே; மணிக்கணக்கில் கொறித்தாலும் வயிற்றுக்குள் போவது கொஞ்சம். நாம் ஓட்டை மெஷினில் உடைத்து எறிந்துவிட்டு, வெறும் பருப்பைக் கிண்ணத்தில் கொட்டிக் கைநிறைய அள்ளுகிறோம். உடனே ஓட்டோடு வாங்கப் போய்விடாதீர்கள். வருஷக்கணக்கில் ஓட்டை உடைத்துக் கொறிப்பவர்களுக்கு முன்பல்லில் பள்ளம் விழுந்துவிடும். பிள்ளைகள் துப்பத் தெரியாமல் ஓட்டோடு விழுங்கி, அது குடலின் அடியில் கட்டியாக அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டிவந்த சம்பவங்களை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மிகச் சின்னக் குழந்தைக்கு முழுப் பருப்பையும் கொடுக்கக் கூடாது, புரையேறும். நான் செய்வது ஒரே ஒரு உபாயம்: காலையில் மூன்று தேக்கரண்டியை எண்ணிப் போட்டு, டப்பாவை ஃப்ரிட்ஜில் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவேன்.

ஃப்ரிட்ஜ் எதற்கு என்றால், அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒரு சித்திரையில் தள்ளுபடி என்று ஒரு கிலோ வாங்கி அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்தேன். சென்னை வெயில், அடுப்புச் சூடு வேறு. ஐந்து வாரத்தில் காறிவிட்டது. வாயில் போட்டதும் பழைய எண்ணெய்ப் பெயின்ட் மாதிரி ஒரு சிக்கு வாடை, நாக்கின் பின்னால் கசப்பு. ஓடு போனதும் காற்று நேராக எண்ணெயைத் தொடுகிறது. காவல்காரன் எத்தனை நாள் தாங்குவான்? காறியதைத் தோசையில் போட்டு ஒப்பேற்றலாம் என்று பார்க்காதீர்கள். கீழே கொட்டுங்கள். வாங்கும்போதே கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். வறுத்தது வேண்டாம், பச்சையாக வாங்கி வேண்டும்போது வறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கதி, யாரும் எச்சரிக்காதது. அக்காவின் சின்ன மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, வாய் வீங்கிவிடும். அவனுக்காக, சூரியகாந்திப் பருப்பை மிக்ஸியில் அரைத்து வெண்ணெய் மாதிரி ஆக்கி பிஸ்கட் சுட்டேன். (சூரியகாந்தி ஒத்துக்கொள்ளாதவர்களும் சிலர் உண்டு. அவனுக்கு முதலில் டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுத்தோம்.) சுட்ட அன்று பொன்னிறம். மறுநாள் பிட்டால் உள்ளே பாசிப்பச்சை. பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயந்து மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது பூஞ்சையே இல்லை. பருப்பில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. காப்பிக்கொட்டையில் இருக்கும் அதே பொருள். அது சோடா உப்போடு சேர்ந்தால் பச்சையாகும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. சோடாவைக் குறைத்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பச்சை வராது. அடுத்த தடவை சாறு விடாமல் வேண்டுமென்றே சுட்டுக் கொடுத்தேன். ஹல்க் பிஸ்கட் என்று பெயர் வைத்துவிட்டான்.

அவனுடைய அக்கா கல்லூரியில் படிக்கிறாள். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை, நீர்க்கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் போனை நீட்டினாள். முதல் 14 நாள் ஆளி விதையும் பூசணி விதையும், அடுத்த 14 நாள் எள்ளும் சூரியகாந்தியும். தின்றால் ஹார்மோன் சரியாகிவிடும் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறார். "சித்தி, இது நெஜமா?" நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நாலும் நல்ல விதைகள்தான், தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் இந்தத் தேதிக் கணக்குக்குப் பின்னால் சொல்லும்படியான ஆய்வு பலம் இல்லை. இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள். முக்கியமாக, இதைத் தின்கிறேன் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவள் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. எள்ளுருண்டை கொடுத்தேன், தேதி பார்க்காமல் தின்றாள்.

யார் யார் யோசித்துச் சாப்பிட வேண்டும்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் தாராளமாக இருக்கின்றன. நல்ல சிறுநீரகத்துக்கு வரம், பழுதானதற்குச் சுமை. அப்புறம் காட்மியம் என்ற நச்சு உலோகம். சூரியகாந்தியின் வேர் மண்ணில் உள்ள உலோகத்தை உறிஞ்சுவதில் கெட்டி. 1990-களில் செர்னோபிலுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தில் இதை மிதவையில் வளர்த்துத் தண்ணீரிலிருந்த கதிர்வீச்சுப் பொருள்களை எடுக்கப் பார்த்தார்கள். 2011-க்குப் பிறகு ஃபுகுஷிமாவில் மண்ணில் நட்டுப் பார்த்தபோது பெரிதாகப் பலன் இல்லை. அதே உறிஞ்சும் குணத்தால் விதைக்குள் காட்மியமும் கொஞ்சம் சேரும். ஒரு பிடிக்கு இது கவலைப்படும் அளவு இல்லை. தினம் கால் கிலோ என்று போகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் காட்மியம் கணிசமாக வருவது அதிலிருந்துதான். புகையை ஊதிக்கொண்டே விதையைப் பற்றிப் பயப்படும் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் என் வீட்டில்தான் இருக்கிறார்.

விதைக்குச் சொன்ன நல்லதையெல்லாம் எண்ணெய்க்கும் சேர்த்துச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கேனில் வரும் சுத்திகரித்த எண்ணெயில் வைட்டமின் ஈ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மெக்னீசியம், புரதம், நார் எல்லாம் பிண்ணாக்கோடு போய்விட்டன. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் மளிகைக் கடையில் எண்ணெய் விலை எகிறியது நினைவிருக்கும். நாம் தாளிக்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அதுவரை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தென்காசியில் பூத்தது போதவில்லை.

இப்போது என் வீட்டில் இது எப்படி உள்ளே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். தயிர்சாதத்தின் மேல் ஒரு தேக்கரண்டி, கீரைப் பொரியலில் தேங்காய்ப் பூவுக்குப் பதில் ஒரு பிடி, கம்பு தோசைக்குச் சட்னி. எல்லாவற்றையும்விட ருசி, பொடி. நூறு கிராம் பருப்பு, ஐம்பது கிராம் உளுத்தம்பருப்பு, எட்டு வற்றல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு பல் பூண்டு, நெல்லிக்காயில் பாதி புளி, அளவாக உப்பு. உளுந்தைத் தனியாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே வற்றலும் பூண்டும் கறிவேப்பிலையும் மொறுமொறுப்பாகும் வரை. புளியையும் ஒரு புரட்டு. கடைசியாகத் தீயைச் சிறியதாக்கிப் பருப்பு. நாலு நிமிஷம் போதும், அந்தப் பக்கம் திரும்பினால் கருகிவிடும். ஆறவிட்டு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கித் துவையலாகிவிடும்.

உளுந்து சேர்ப்பது ருசிக்கு மட்டும் இல்லை. சூரியகாந்திப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, மெத்தியோனின் தாராளம். பருப்பு வகைகளில் நேர் எதிர். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை ஒன்று அடைக்கும். அரிசியோடு உளுந்தைப் போட்டு இட்லி மாவு ஆட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு கைக்கே தெரிந்திருக்கிறது.

நிலக்கடலையையும் எள்ளையும் நிறுத்திவிட்டு இதற்கு மாறுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். தோலோடு கூடிய எள்ளில் 100 கிராமுக்கு 975 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, சூரியகாந்தியில் 78-தான். கடலை நம் மண்ணில் காலூன்றிய பயிர், கையில் காசு இல்லாதவனின் புரதம். ஆறு மாதத்துக்கு ஒரு புது விதையைக் கொண்டுவந்து 'அமுதம்' என்று விற்கிற இந்த வியாபாரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வாரத்தில் நாலு நாள் சூரியகாந்தி, மீதி நாளில் கடலை, எள் என்றுதான் என் வீட்டில் ஓடுகிறது. ரத்த அழுத்தம் கடைசியாகப் பார்த்தபோது 126-க்கு 82. நடை, உப்பு, ஊறுகாய், விதை. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. விதைக்கு மட்டும் மாலை போட மாட்டேன்.

அம்மா ஊருக்குக் கிளம்பும்போது பையில் ஒரு அரைக் கிலோ பாக்கெட்டைத் திணித்துவிட்டேன். "எங்களுக்கு எதுக்குட்டி இது?" என்றாள், ஆனால் எடுத்து வெளியே வைக்கவில்லை. பத்து நாள் கழித்து போன். கொள்ளோடு சேர்த்துத் துவையல் அரைத்தாளாம். அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

"அரைக் கிலோ என்ன வெல?" என்றாள்.

சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. "நம்ம மில்லுக்குப் போடும்போது கிலோ 11 ரூவா" என்றாள். பின்னாலிருந்து அப்பா ஏதோ சொல்வது கேட்டது. அம்மா சிரித்துக்கொண்டே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"அதும் கிளி தின்னது போவ மிச்சந்தான்ங்காவ."